ஒரு வசனத்தை அதன் இடத்தில் வைத்துப் படிப்பது எப்படி? வேதப்பகுதிகளை ஆராய முழுமையான வழிகாட்டி

"உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." யோபு 8:7. வாழ்த்து அட்டையிலோ அழைப்பிதழிலோ இந்த வசனத்தைப் பார்க்காத தமிழ்க் கிறிஸ்தவர் அநேகமாக இருக்க மாட்டார். கர்த்தர் யோபுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் இது என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். ஒருநாள் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்தேன். பேசுவது கர்த்தர் இல்லை, யோபின் சிநேகிதரில் ஒருவனான சூகியனான பில்தாத்.

அவன் யாரிடம் பேசுகிறான் என்று பாருங்கள். ஏழு மகன்களையும் மூன்று மகள்களையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டு, உடம்பெல்லாம் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கிற ஒரு தகப்பனிடம். 4ஆம் வசனத்தில், உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்கான தண்டனை அவர்களுக்குக் கிடைத்தது என்கிற பொருள்பட அவன் பேசுகிறான். 6ஆம் வசனத்தில், நீ சுத்தமாய் இருந்தால் தேவன் உன்னை வாழவைப்பார் என்கிறான். அந்த மூச்சிலேயே வருவதுதான் நாம் அட்டையில் அச்சடிக்கும் 7ஆம் வசனம். கடைசியில் 42:7-ல் கர்த்தரே யோபின் சிநேகிதர்களைப் பார்த்து, நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார்.

சரி, அப்படியானால் வசனத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். 42:12-ல் யோபின் பின்னிலைமையை முன்னிலைமையைவிடக் கர்த்தர் அதிகமாய் ஆசீர்வதித்தார் என்று வருகிறது. பில்தாத் சொன்னதைப்போலவே முடிவு பெரிதாயிற்று. ஆனால் அவன் சொன்ன காரணத்தால் அல்ல. யோபு மறைத்து வைத்த பாவத்தை ஒத்துக்கொண்டதால் அது நடக்கவில்லை. சிநேகிதர்கள் பேசியது எல்லாமே பொய் என்றும் சொல்ல முடியாது. யோபு 5:13-ல் எலிப்பாஸ் சொன்ன வரியை 1 கொரிந்தியர் 3:19-ல் பவுல் மேற்கோள் காட்டுகிறார். சிநேகிதர்களின் வாயில் உண்மையான வாக்கியங்கள் இருந்தன. அவற்றைத் தவறான மனிதன்மேல், தவறான நேரத்தில் வீசினார்கள். துக்கப்படுகிறவரிடம் நாமும் அதே தவறைச் செய்யக்கூடாது என்று இந்தப் பகுதி எச்சரிக்கிறது. ஏழாம் வசனத்தை மட்டும் படித்தவருக்கு அந்த எச்சரிக்கை காதில் விழாது.

இப்படிப் படிக்கக் கிரேக்கமும் எபிரெயமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில், முடிந்தால் இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள் போதும். விளக்கவுரைப் புத்தகங்களை இப்போதைக்கு மூடியே வையுங்கள், அவற்றுக்கான நேரம் பின்னால் வரும். ஜெபித்துவிட்டுத் தொடங்குங்கள். பயிற்சிக்கு எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு வசனத்தை எடுத்துக்கொள்வோம்: "இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்." மத்தேயு 18:20.

முதல் படி: பகுதியின் எல்லையைக் கண்டுபிடியுங்கள்

அதிகார எண்களும் வசன எண்களும் மூலத்தில் இல்லை. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் செய்ததாகச் சொல்லப்படுகிறது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில் வந்தவை. இடம் தேடுவதற்கு இவை பெரிய உதவி. ஆனால் சிந்தனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்வது இவற்றின் வேலை அல்ல. 1 கொரிந்தியர் 11:1-ஐப் பாருங்கள். "நான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறதுபோல" என்று தொடங்கும் அந்த வரி உண்மையில் 10ஆம் அதிகாரத்தின் முடிவுரை. ஏசாயா 53-ஐப் படிக்கிறவர் 52:13-லிருந்து தொடங்க வேண்டும், பாட்டு ஆரம்பிப்பது அங்கேதான்.

எல்லையைக் காட்டும் அடையாளங்கள்: இடம் மாறுவது, நேரம் மாறுவது, கேட்கிற ஆட்கள் மாறுவது, புதிய கேள்வி எழுவது. மத்தேயு 18:1-ல் சீஷர்கள் வந்து பரலோகராஜ்யத்தில் யார் பெரியவன் என்று கேட்கிறார்கள். 19:1-ல், இயேசு இந்த வசனங்களைச் சொல்லி முடித்தபின்பு கலிலேயாவை விட்டுப் போனார் என்று வருகிறது. இயேசு "சொல்லி முடித்தபின்பு" என்ற இந்த முத்திரை மத்தேயுவில் ஐந்து இடங்களில் விழுகிறது: 7:28, 11:1, 13:53, 19:1, 26:1. ஒவ்வொன்றும் ஒரு நீண்ட பிரசங்கத்தின் முடிவு. ஆக, நம் 20ஆம் வசனம் தனியாக நிற்கவில்லை. 35 வசனங்கள் கொண்ட ஒரே பேச்சின் நடுவில் இருக்கிறது.

இரண்டாம் படி: முழுவதையும் ஒரே மூச்சில், சத்தமாக

எல்லை தெரிந்ததும் உட்கார்ந்து முழுப் பேச்சையும் படியுங்கள். வாய்விட்டுப் படியுங்கள். இந்த எழுத்துக்கள் காதால் கேட்கப்பட்டவை. கொலோசெயர் 4:16-ல், இந்த நிருபம் உங்களிடத்தில் வாசிக்கப்பட்டபின்பு லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கப்படச் செய்யுங்கள் என்று பவுல் எழுதுகிறார். கடிதமானால் முதல் வரியிலிருந்து கடைசி வாழ்த்து வரை படித்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்த கடிதத்தில் மூன்றாம் பக்கத்தின் நடு வரியை மட்டும் யாரும் படித்து எடுத்து வைப்பதில்லை.

மூன்று முறை படித்தால் நல்லது, மூன்றாவது முறைதான் கண் திறக்கும்.

மூன்றாம் படி: பென்சிலோடு கவனியுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பொருள் என்ன என்று இப்போது யோசிக்காதீர்கள். என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

திரும்பத் திரும்ப வரும் சொற்களை வட்டமிடுங்கள். மத்தேயு 18-ல் "சிறியரில் ஒருவன்" என்பது 6, 10, 14 ஆகிய வசனங்களில் வருகிறது. அப்புறம் "சகோதரன்" என்ற சொல் வந்து நிறைகிறது: 15, 21, 35. இணைப்புச் சொற்களின் அடியில் கோடு போடுங்கள்: ஆகையால், ஏனெனில், ஆனாலும், அப்பொழுது. நம் வசனம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? "ஏனெனில், இரண்டுபேராவது மூன்றுபேராவது..." மனப்பாடமாகச் சொல்லும்போது அந்த "ஏனெனில்" விழுந்துவிடுகிறது. அது இருந்தால், எதற்குக் காரணம் சொல்கிறார் என்று மேலே ஏறிப் பார்த்தே ஆக வேண்டும்.

ஏறிப் பார்ப்போம். 12 முதல் 14 வரை, நூறு ஆடுகளில் சிதறிப்போன ஒன்றைத் தேடிப் போகிற மனிதன். சிறியரில் ஒருவனாகிலும் கெட்டுப்போவது பிதாவின் சித்தமல்ல என்று அது முடிகிறது. உடனே 15ஆம் வசனம்: உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால் தனித்திருக்கையில் அவனிடம் போய்ப் பேசு, அவன் செவிகொடுத்தால் "உன் சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய்". கேட்காவிட்டால் இன்னும் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். அதற்குப் பின்தான் கட்டுவதும் கட்டவிழ்ப்பதும், இரண்டுபேர் ஒருமனப்படுவதும், கடைசியில் நம் வசனமும். அந்த "இரண்டு மூன்று" 16ஆம் வசனத்திலேயே வந்துவிட்டது, சாட்சிகளாக.

நபர்களைக் குறிக்கும் சொற்களையும் விடாதீர்கள். இதில் தமிழ் வாசகருக்கு ஒரு நல்ல வசதி உண்டு. லூக்கா 22:31, 32-ஐ மெதுவாகப் படியுங்கள்: "சீமோனே, சீமோனே, இதோ, கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான். நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." முதலில் "உங்களை", பிறகு "உன்". பேதுருவின் பெயரைச் சொல்லி அழைத்தாலும், புடைக்கக் கேட்டது சீஷர்கள் எல்லோரையும். ஜெபித்ததோ இந்த ஒருவனுக்காக. அவன் குணப்பட்டபின் மற்றவர்களை ஸ்திரப்படுத்த வேண்டும் என்பதற்காக. கிரேக்கத்திலும் இதே ஒருமை பன்மை வேறுபாடு இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் ஒருவரைக் குறித்து மரியாதைக்காக "நீங்கள்" என்று வருவதில்லை. ஆகவே "நீங்கள்" என்று கண்டால், பலரிடம் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

"நாம்", "நாங்கள்" விஷயம் இன்னும் நுட்பமானது. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் எழுதுகிறவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், அந்தத் தேர்வே ஒரு வியாக்கியானம். 2 கொரிந்தியர் 5:20-ல் "நாங்கள் கிறிஸ்துவுக்காக ஸ்தானாபதிகளாயிருந்து" என்று இருக்கிறது, அதாவது பவுலும் உடன் ஊழியரும். அடுத்த வசனத்தில் "நாம் அவருக்குள் தேவனுடைய நீதியாகும்படிக்கு" என்று எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறது. மொழிபெயர்ப்பாளர் முன்பின் வசனங்களை நன்றாக யோசித்துத்தான் இப்படி மாற்றியிருக்கிறார். இப்படிப்பட்ட இடங்களில் நின்று, ஏன் இங்கே "நாங்கள்" என்று கேட்டுப் பழகுங்கள்.

நான்காம் படி: இது எந்த வகை எழுத்து?

வரலாற்றைப் பாட்டைப்போலவும், பாட்டைச் சட்டத்தைப்போலவும் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். நீதிமொழிகள் 26:4, மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்கிறது. அடுத்த வசனமே, கொடு என்கிறது. முரண்பாடு இல்லை. நீதிமொழி என்பது சமயம் பார்த்துப் பயன்படுத்த வேண்டிய ஞானம். பேசாமல் விட வேண்டிய மூடனும் உண்டு, பதில் சொல்லியே தீர வேண்டிய மூடனும் உண்டு. யார் எந்த வகை என்று கண்டுகொள்வதுதான் ஞானி செய்யும் வேலை. ஆகவே ஒரு நீதிமொழியை நிபந்தனையற்ற வாக்குத்தத்தமாக எடுத்து, அது நடக்கவில்லையே என்று உடைந்துபோகாதீர்கள்.

சங்கீதங்களில் ஒரு வரி சொன்னதை அடுத்த வரி வேறு சொற்களில் திருப்பிச் சொல்லும். இரண்டையும் தனித்தனி உபதேசமாகப் பிரிக்க வேண்டியதில்லை. உவமைகளில், அதைச் சொல்ல வைத்த சூழ்நிலையை முதலில் பிடியுங்கள். லூக்கா 15-ல் இளைய குமாரன் கதைக்கு முன் முதல் இரண்டு வசனங்கள் இருக்கின்றன: இவர் பாவிகளோடு சாப்பிடுகிறார் என்று பரிசேயரும் வேதபாரகரும் முறுமுறுக்கிறார்கள். வெளியே நின்று கோபிக்கிற மூத்த குமாரன் யார் என்று அப்போது விளங்கும்.

ஐந்தாம் படி: பின்னணி

முதலில் கேட்டவர்களுக்குத் தானாகவே தெரிந்திருந்தது, நமக்குத் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் பின்னணி ஆய்வு. ஒத்துவாக்கியங்கள் உள்ள வேதாகமம் பாதி வேலையைச் செய்துவிடும். மத்தேயு 18:16-ன் ஓரத்தில் உபாகமம் 19:15 என்று இருக்கும். திருப்பிப் பாருங்கள்: ஒரே சாட்சியால் யாரையும் குற்றவாளியாக்கக்கூடாது, இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும். இயேசு பேசும்போது கேட்டவர்கள் மனதில் இந்தச் சட்டம் ஓடியிருக்கும்.

எண்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் அதிகாரத்தின் கடைசிக் கதையில் ஒருவன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான், அவனுக்கு அவன் உடன்வேலைக்காரன் தர வேண்டியது நூறு வெள்ளிப்பணம். மத்தேயு 20:2-ன்படி ஒரு பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 பணம். அப்படியானால் முதல் கடன் ஆறு கோடி நாள் கூலி. வருடம் 300 நாள் உழைத்தாலும் இரண்டு லட்சம் வருடம். இரண்டாவது கடன் நூறு நாள் உழைப்பு. நூறு பணம் அற்பத் தொகை இல்லை என்பதைக் கவனியுங்கள். நமக்கு எதிராகச் செய்யப்பட்ட குற்றம் வலிக்காது என்று இயேசு சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கும் மேலான கூலி போனால் யாருக்கும் வலிக்கும். இரண்டு லட்சம் வருடத்தின் பக்கத்தில் வைத்துப் பார் என்கிறார், அவ்வளவுதான்.

ஆறாம் படி: சொற்களில் கவனம்

பலர் கையில் இருப்பது 1871-ல் வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையில் உருவான மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய திருப்புதல். அதன் ஓசை நெஞ்சில் பதிந்தது. ஆனால் சில சொற்களின் பொருள் இன்று மாறிவிட்டது, சில வழக்கொழிந்துவிட்டன. ஆயக்காரன் என்றால் வரி வசூலிப்பவன். உக்கிராணக்காரன் என்றால் வீட்டுப் பொருள்களுக்குப் பொறுப்பான நிர்வாகி. 1995-ல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இப்படிப்பட்ட சொற்கள் தெளிவாகும். இரண்டும் வேறுபடும் இடம் வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே விசாரிக்க ஏதோ இருக்கிறது.

பழகிய சொற்கள்தான் அதிகம் ஏமாற்றும். "ஆலயம்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகிற கட்டடத்தை நாம் ஆலயம் என்கிறோம். ஆகாய் புத்தகத்தில் ஆலயம் என்று வருவது கி.மு. 520-ல் எருசலேமில் பாழாய்க் கிடந்த தேவாலயம், பலி செலுத்தப்பட்ட ஒரே இடம். 1 கொரிந்தியர் 3:16-ல் "நீங்கள் தேவனுடைய ஆலயமாயிருக்கிறீர்கள்" என்று பவுல் சொல்வது, சேர்ந்து வாழ்கிற சபை மக்களை. மூன்றுக்கும் ஒரே சொல் இருப்பதால், ஒன்றைப்பற்றிச் சொன்னதை இன்னொன்றின்மேல் ஏற்றிவிடுவது மிகவும் எளிது. "தாலந்து" கூட அப்படித்தான். இன்று திறமை என்று பேசுகிறோம், மத்தேயுவில் அது பெரும் பணத்தொகை. தமிழ்ச் சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்லி, மூல ஆசிரியர் அதைத்தான் நினைத்தார் என்று பிரசங்கிப்பதையும் தவிருங்கள். அவர் தமிழில் எழுதவில்லை.

ஏழாம் படி: அதே புத்தகம், பிறகு முழு வேதம்

18:17 சபைக்கும் செவிகொடாதவன் "உனக்கு அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும் இருப்பானாக" என்கிறது. துரத்திவிடு என்று படிக்கத் தோன்றும். மத்தேயு புத்தகத்துக்குள்ளேயே தேடுங்கள். 9:9-ல் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த மத்தேயுவையே இயேசு அழைக்கிறார். 11:19-ல் ஆயக்காரருக்குச் சிநேகிதன் என்று அவருக்குப் பெயர். அவன் இப்போது சபைக்குள் இல்லை என்பது உண்மை. ஆனால் இயேசு ஆயக்காரனை எப்படி நடத்தினார் என்பதையும் சேர்த்துத்தான் அந்த வரியைப் படிக்க வேண்டும் என்பது என் நம்பிக்கை. கீழே இறங்கினால் 21ஆம் வசனம் "அப்பொழுது பேதுரு" என்று தொடங்குகிறது. எத்தனைதரம் மன்னிக்க வேண்டும் என்று அவன் கேட்பது இந்தப் பேச்சைக் கேட்டதால்தான்.

மற்றப் பகுதிகளோடும் உரசிப் பாருங்கள். குறைந்தது இரண்டு பேர் கூடினால்தான் இயேசு வருவார் என்று 18:20-ஐ எடுத்துக்கொண்டால், அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொல்லும் 6:6 இடிக்கும். சகல நாட்களிலும் உங்களுடனே இருக்கிறேன் என்னும் 28:20-ம் இடிக்கும்.

எட்டாம் படி: ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், பிறகு உங்கள் வாழ்க்கைக்கு வாருங்கள்

பார்த்ததை எல்லாம் ஒரு வாக்கியமாகச் சுருக்கி நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் இப்படி இருக்கிறது: தவறிப்போன சகோதரனை மீட்பதற்காகச் சீஷர்கள் சிலர் கூடி, கனமான முடிவு எடுக்கும்போது, அவர்கள் எத்தனை பேர் குறைவாயிருந்தாலும் இயேசு அவர்கள் நடுவில் இருக்கிறார்.

ஜெபக்கூட்டத்துக்கு மூன்று பேர் மட்டும் வரும்போது இந்த வசனத்தைச் சொல்லி ஆறுதல்படுவது தவறா? அவர் அங்கே இருக்கிறார் என்பது உண்மைதான், 28:20 போதும் அதற்கு. நான் வருத்தப்படுவது வேறொன்றுக்கு. ஆறுதலுக்கு மட்டும் இந்த வசனத்தை வைத்துக்கொண்டால், நம்மோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போன அந்த ஒருவரிடம் போகச் சொல்லும் கட்டளை காதில் விழாமலே போகிறது.

வாக்குத்தத்தங்களை எடுத்துக்கொள்ளும்போதும் இந்த ஒழுங்கையே பின்பற்றுங்கள். எரேமியா 29:11-ல் சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று கர்த்தர் சொல்வது, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அனுப்பிய கடிதத்தில். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். எரேமியாவின் கடிதமோ எழுபது வருடம் என்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். கேட்டவர்களில் வயதானவர்கள் திரும்பிப் போவதைப் பார்க்கவே மாட்டார்கள். நம் காரியத்துக்கு இந்த வசனத்தை எடுக்கும்போது அந்த எழுபது வருடத்தையும் சேர்த்து எடுக்க மனம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீக்கிரம் முடிகிற கஷ்டத்தைவிட, முடியாமல் நீளுகிற கஷ்டத்தில் இருப்பவருக்கே இந்தக் கடிதம் அதிகம் பேசும்.

கடைசியில்தான் விளக்கவுரை. நீங்களே பார்த்து எழுதிய பிறகு திறந்தால், அதை எழுதியவரோடு உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். முதலிலேயே திறந்தால் அவர் கண்ணால் மட்டுமே பார்ப்பீர்கள். நீங்கள் கண்டது வேறு யாரும் கண்டிராத புதுமையாக இருந்தால் இன்னொரு முறை சரிபாருங்கள். சபையில் வேதம் நன்றாகப் படிக்கிற ஒருவரிடம் நோட்டைக் காட்டுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பிலேமோன். 25 வசனம், ஒரே அதிகாரம், பவுல் ஒருவருக்கு எழுதி, பலர் காதில் விழும்படி அனுப்பிய கடிதம். "நீ" எங்கே "நீங்கள்" ஆகிறது என்று முதல் நாளே கண்டுபிடித்துவிடலாம். அடுத்து யோனா, நான்கே அதிகாரம். அதன் கடைசி வசனம் ஒரு கேள்வி, யோனா என்ன பதில் சொன்னான் என்று புத்தகம் சொல்லாது. ஏன் சொல்லவில்லை என்று நோட்டில் ஒரு பக்கமாவது எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகு பிலிப்பியர், பிறகு மாற்கு. வாரம் ஒரு பகுதி போதும். தேதி போட்டு எழுதுங்கள். அதே பகுதிக்கு இரண்டு வருடம் கழித்து வரும்போது பழைய பக்கத்தைத் திறந்து, அன்று விட்டதைப் பென்சிலால் ஓரத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.